ரயர் கட்டி இழுத்த மலை

அப்புத்தளையால் வந்து இறங்கிய மறுநாள், திங்கட்கிழமை விடிய, எங்கள் வீட்டு விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் மூன்று படிகளையும் நான் பின்பக்கமாக இறங்கினேன். ஒரு கை கதவு நிலையில், மற்றக் கை தூணில். ஏறும்போது ஒரு நோவும் இல்லை. இறங்கக் காலை வைத்தால்தான் இரண்டு தொடையின் முன்பக்கமும் கழன்று விழுவதுபோல ஒரு நடுக்கம். தேத்தண்ணியோடு நின்று பார்த்த அம்மா கேட்டார்: "இதுக்குத்தானோ மூண்டு மாசமா உந்த ரயரைக் கட்டி இழுத்தனீ?"

அதற்குத்தான். அந்த மூன்று மாதத்தில் என்ன செய்தேன், எவ்வளவு காசு போனது, கணக்கு எந்த இடத்தில் பிழைத்தது என்பதை மறக்க முன் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஓட்டக் கழகத்தில் பதினான்கு பேர். சனி, ஞாயிறு விடிய ஐந்தரைக்கு முற்றவெளியில் கூடுவோம். பாதிப் பேர் பள்ளிக்கூடத்து இல்ல மெய்வல்லுநர் போட்டியோடு ஓட்டத்தை விட்டுவிட்டு, இருபது வருடம் கழித்து டொக்டர் சொல்லித் திரும்ப ஓட வந்தவர்கள். நானும் அந்தப் பாதிதான். வயது 41, எடை 68 கிலோ, 10 கிலோமீட்டர் ஓட 52 நிமிடம். எங்களை ஓட வைப்பவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சேர். நல்லூர்த் தேர் முடிந்த கிழமை அவர் ஒரு யோசனை சொன்னார். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை மலைநாட்டுக்குப் போவோம். அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வாசலில் தொடங்கி லிப்டன் சீட் என்கிற மலை முனை வரை 7 கிலோமீட்டர் ஏற்றம், வந்த வழியாலேயே 7 கிலோமீட்டர் இறக்கம். அதுவரைக்கும் ஊரில் வயல், வெளி, ஒழுங்கை எல்லாம் விழுந்து ஓடுகிற கிறொஸ் கன்ரி.

யோசனை நல்லதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை எங்கே? கீரிமலைக்குப் பெயரில்தான் மலை. சைக்கிளில் போகிறவன் இருக்கையை விட்டு எழும்பாமலே போய் வரலாம். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் எங்கள் ஊர்க்காரர். அதை வைத்துச் சேர் பகிடி விடுவார்: "யாழ்ப்பாணத்தான் உயரத்துக்குப் போறதெண்டால் பாய்ஞ்சுதான் போகவேணும்."

லிப்டன் சீட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,970 மீட்டர். தொழிற்சாலையிலிருந்து நாங்கள் ஏற வேண்டியது 350 மீட்டர் அளவில் வரும் என்று வரைபடத்தில் கோடு பார்த்துக் கணக்குப் போட்டேன். 7 கிலோமீட்டருக்கு 350 என்றால் நூற்றுக்கு ஐந்து. இந்த ஐந்தை ஊரில் எப்படிச் செய்வது என்று என் மண்டைக்குள் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது. இறக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இறங்குவது சும்மா வருவதுதானே.

முதலில் வெளி ஓட்டம். உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் ஒழுங்கை ஒன்றில் தொடங்கி, ஒரு பனங்கூடலுக்குள்ளால் போய், கோப்பாய் வெளியில் வயல் வரம்பு வழியாகச் சுற்றி வர ஒரு வட்டம் 2.3 கிலோமீட்டர். செப்டெம்பரில் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும், எங்கேயும் ஓடலாம். ஐப்பசி விதைப்புக்குப் பிறகு வரம்பில் மட்டும்தான் கால் வைக்கலாம். வரம்பின் அகலம் ஒரு அடி. அதில் ஓடினால் கண் தானாகவே நிலத்தைப் பார்க்கப் பழகிவிடும். ஆனால் நான் அந்தப் பழக்கம் வர முன்னமே, இரண்டாம் நாளே, பனங்கூடலுக்குள் ஒரு பனங்கொட்டையில் காலை வைத்துவிட்டேன். ஆவணி புரட்டாதியில் பனம்பழம் விழுந்து, மாடு சூப்பிப் போட்ட கொட்டை புல்லுக்குள் மறைந்து கிடக்கும். வலது கணுக்கால் மடங்கி, முறிவு நெரிவு எண்ணெயும் கட்டுமாக ஒன்பது நாள் வீட்டில். அதற்குப் பிறகு ஓட்டத்துக்கு முன் இரண்டு பேர் கடகத்தோடு போய் வழியில் கிடக்கும் கொட்டையைப் பொறுக்குவது வழக்கமாகிவிட்டது. பொறுக்கியதை அந்தக் காணிக்காரர் பாத்தியில் போட்டுவிட்டார். தையில் கிழங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காற்றையும் விடவில்லை. செப்டெம்பரில் சோளகம் இன்னும் அடங்கியிராது. வல்லை வெளியில் மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. பாலத்தடியிலிருந்து யாழ்ப்பாணப் பக்கமாக முகம் கொடுத்து ஓடினால், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 15 விநாடியில் போகிற ஆள் அதே மூச்சில் 5.50க்கு வந்துவிடுவேன். இதுவும் ஒரு ஏற்றம்தான். என்ன, திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நோகாமல் வந்து சேரலாம். இறக்கம் என்றாலும் இப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சப்பாத்தில் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய பழைய றோட் சப்பாத்தின் அடி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. சேற்றில் பிடிக்க வேண்டுமே என்று, பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொடுத்து, பழைய மோட்டார் சைக்கிள் ரயரின் பூவை வெட்டி அடிமுழுக்க ஒட்டித் தைக்கச் சொன்னேன். "பாரமாய் வரும் தம்பி, முன்பக்கம் மட்டும் போடுவமே?" என்று அவர் கேட்டார். நான் கேட்கவில்லை. பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒட்ட முன் ஒரு சப்பாத்து 265 கிராம், ஒட்டிய பின் 420. முதல் மழைக்குச் செம்மண்ணுக்குள் இருநூறு மீட்டர் ஓடிவிட்டு அப்படியே கழற்றி நிறுத்தேன்: 710 கிராம். செம்மண் ஈரத்தில் அப்பம் மாதிரி ஒட்டும்; ரயர்ப் பூவின் இடுக்கு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது. மூன்றாம் நாள் ஐயாவிடமே திரும்பிப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குதிப் பக்கத்தையும் நடுவையும் பிரித்தெடுத்து, முன்பாதத்தில் மட்டும் விரல் அகலத்தில் நாலு துண்டு, இடைவெளி விட்டு வைத்தார். 310 கிராம். ஓட முன் அடியில் தேங்காய் எண்ணெய் பூசினால் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மண் ஒட்டாது, அதற்குப் பிறகு ஒட்டும். இரண்டு தரமும் சேர்த்துக் கூலி 1,200 ரூபா. முதலிலேயே அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் 500உடன் முடிந்திருக்கும்.

இனி ரயர்.

கராஜ் ஒன்றில் 13 அங்குலக் கார் ரயர் ஒன்று சும்மா தந்தார்கள். 6.2 கிலோ. இடுப்பில் கயிற்றைக் கட்டி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் திட்டம். அது எத்தனை வீத ஏற்றத்துக்குச் சமம் என்று தெரிய வேண்டும். மீன் நிறுக்கிற விற்றராசு ஒன்றைக் கடன் வாங்கி, கயிற்றுக்கும் கைக்கும் நடுவில் கொளுவி, ரயரை ஒரே சீராக இழுத்து முள்ளைப் பார்த்தேன். காய்ந்த செம்மண் ஒழுங்கையில் 3.9 கிலோ. புல்லில் 4.3. தார் றோட்டில் 4.6. எனக்கு வேண்டியது 68 கிலோவில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 3.4 கிலோ. செம்மண் ஒழுங்கையே கொஞ்சம் கூட. மலையை விட முக்கால் வீதம் செங்குத்தான மலை எங்கள் ஒழுங்கையில் கிடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

முதற்கயிறு ஒன்றரை மீட்டர். பெரிய பிழை. கயிறு கட்டையானால் அது இடுப்பை நோக்கி மேலே இழுத்து, ரயரின் முன்விளிம்பு நிலத்தை விட்டுக் கிளம்பிவிடும். துள்ளித் துள்ளி வந்து குதியில் அடிக்கும். மூன்றரை மீட்டராக்கியதும் நிலத்தோடு படுத்து வந்தது. அடுத்தது இடுப்பு. வெறும் கயிற்றைச் சறத்துக்கு மேல் கட்டுவதுபோலக் கட்டி ஓடியதில் இரண்டு பக்கமும் தோல் உரிந்து, மூன்று நாள் குளிக்கும்போது பல்லைக் கடித்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு வானின் சீற் பெல்ற் 500 ரூபாவுக்கு வாங்கி, அதே சப்பாத்து ஐயாவிடம் 300 கொடுத்து இரண்டு மடிப்பாகத் தைத்து, பின்னால் ஒரு வளையம் வைத்தேன். நைலோன் கயிறு 12 மில்லிமீட்டர் மொத்தம், 4 மீட்டர், 440 ரூபா. ரயரின் பூப் பக்கத்தில் துளை போட்டு, கண் வைத்த போல்ற் ஒன்றும் பெரிய வாசர் இரண்டும், 320. கொளுக்கி 250. எல்லாமாக 1,810. துளை போடும் மெஷின் இரவல்.

இவ்வளவும் செய்தும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் கயிறு தளர்ந்து பிறகு வெட்டி இழுக்கும். நாரி பிய்ந்து போகும். அதற்கு சைக்கிள் ரியூப்தான் மருந்து. 70 சென்ரிமீட்டர் வெட்டி இரண்டாக மடித்துக் கயிற்றுக்கு நடுவில் கட்டினேன். இழுவை உடனே பஞ்சாகிவிட்டது. நாலாம் நாள் ரியூப் அறுந்து, அதன் நுனி கெண்டைக்காலில் விளாசியது. ஒரு முழத்துக்குத் தழும்பு. இப்போது ரியூப்புக்குப் பக்கத்தில் கயிற்றையும் அறுக்காமல் தொய்வாக விட்டிருக்கிறேன், அறுந்தாலும் கயிறு பிடிக்கும். மாதத்துக்கு ஒரு ரியூப் மாற்ற வேண்டும். சைக்கிள் கடை அண்ணை ஒட்டுப்போட முடியாததை எறிய முன் எனக்கு எடுத்து வைப்பார்.

செவ்வாய், வியாழன் பின்னேரம் ஆறு தரம் 400 மீட்டர். ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவே தேவையில்லை. முதல் நாள் மதகடியில் இருந்த அப்பு ஒருவர், "ஆற்ற ரயரடா தம்பி? துரத்திக்கொண்டு வாறாங்களோ?" என்று உண்மையாகவே எழும்பிப் பின்னால் பார்த்தார். இரண்டாம் கிழமை எங்கள் ஒழுங்கை நாய் ரயரின் விளிம்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நூறு மீட்டர் இழுபட்டு வந்தது. அன்றைக்கு விற்றராசு போட்டிருந்தால் ஆறு கிலோ காட்டியிருக்கும். முன்வீட்டு ஆச்சிக்கு, தான் விடியக் கூட்டின ஒழுங்கையில் பாம்பு போனமாதிரித் தடம் விழுகிறது என்று கோபம். அதனால் ஆறாவது தரம் ஓடி முடித்ததும் விளக்குமாறு எடுத்துத் தடத்தைக் கூட்டிவிட்டுத்தான் வருவேன். அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டேன்.

ஐப்பசி நடுவில் மழை பிடித்தது. வெளியில் கிடந்த ரயருக்குள் தண்ணீர் தங்கிப் பாரம் எட்டரைக் கிலோவாகிவிட்டது. அதைவிடப் பெரிய பயம் நுளம்பு. மாரியில் யாழ்ப்பாணத்தில் டெங்கு பார்க்க வருகிறவர்கள் வளவுக்குள் முதலில் தேடுவதே பழைய ரயரும் சிரட்டையும்தான். குடம்பி கண்டால் வழக்கு. ரயரின் பக்கவாட்டில் ஆணி காய்ச்சிச் சுற்றிவர எட்டுத் துளை போட்டேன், இரண்டு பக்கமும். பாவித்து முடிந்ததும் கழுவி, விறகுக் கொட்டிலுக்குள் நிமிர்த்தி மாட்டிவிடுவேன்.

ஒக்டோபர் ஞாயிறுகள் மணற்காட்டில் போயின. வடமராட்சி கிழக்கில், மணலுக்குள் புதைந்து சுவர் மட்டும் தெரிகிற பழைய அந்தோனியார் தேவாலயம் இருக்கிறதே, அந்தப் பக்கத்து மணல் மேடுகள். குடாநாட்டில் நிலம் கொஞ்சமாவது நிமிர்ந்து நிற்கிற இடம் அது. மேட்டைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அவற்றில் மிதித்தால் மேடும் கெடும், காலும் கெடும். இராவணன் மீசையின் முனை காற்சட்டைக்குள்ளாலும் குத்தும். ஆடு மாடு ஏறி ஏற்கெனவே வெறுமையாகிக் கிடந்த ஒரு தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்களோடு ஓடுகிற ஒரு தம்பி மேசன் வேலை செய்கிறான். மேட்டின் உயரத்தை அளக்க அவன் நீர்மட்டக் குழாயைக் கொண்டு வந்திருந்தான். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்ரிக் குழாய், பத்து மீட்டர், உள்ளே தண்ணீர். ஒரு நுனியை மேலே நிற்பவன் காலடியில் பிடிக்க, மற்ற நுனியைக் கீழே நிற்பவன் அடிக்கோலோடு சேர்த்துப் பிடித்து, தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் பார்ப்பான். அப்படிக் கட்டம் கட்டமாக ஆறு தரம் இறங்கினோம். காற்றில் குழாய் ஆட, குமிழி ஒன்று உள்ளே போய், ஒரு தரம் எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டி வந்தது. கடைசியில் உயரம் 8.4 மீட்டர். தடத்தின் நீளம் 34 மீட்டர், என் காலுக்கு 61 எட்டு. கைக்கடிகாரம் அதே மேட்டுக்கு ஒரு முறை 5 என்றது, ஒரு முறை 11 என்றது. சின்ன உயரத்துக்குக் கடிகாரத்தை நம்பக்கூடாது, தண்ணீரை நம்பலாம்.

350ஐ 8.4ஆல் பிரித்தால் நாற்பத்திரண்டு தரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மணற்காட்டு மேட்டை நாற்பத்திரண்டு தரம் ஏறினால் ஒரு லிப்டன் சீட். முதல் ஞாயிறு 12 தரத்தோடு வயிற்றைப் பிரட்டியது. பிறகு 16, 20, கடைசி ஞாயிறு 26. மணலில் ஒரு எட்டு வைத்தால் கால் பின்னால் சறுக்கும். நெஞ்சு வேலை செய்கிற அளவுக்குக் கால் முன்னேறாது. ஜீவனிப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோவோம், கதலி வாழைப்பழம் ஒரு சீப்பு, பனங்கட்டித் துண்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் ஒரு தரம் 600 ரூபா, நாலு தரம்.

என்னிடம் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது, ஓட்டக் கணக்கு எழுத. இப்போது திருப்பிப் பார்த்தால் அந்த நாலு ஞாயிறிலும் ஒரே வசனத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்: "இறக்கம் சுகம்." "இறங்கும்போது பஞ்சு மெத்தை." "இறக்கத்தில் நல்ல ஓய்வு." இறங்கும்போது மணல் குதியை அரை அடி உள்வாங்கிக்கொள்ளும், தொடைக்கு அங்கே வேலையே இல்லை. கொப்பியில் என் கையெழுத்திலேயே கிடந்தது விடை. எனக்குத்தான் அது விடை என்று தெரியவில்லை.

வெள்ளி விடிய வான். எட்டுப் பேர், ஆளுக்கு 12,000. ஏ9 வழியாகக் கண்டி, பிறகு நுவரெலியா, வெலிமடை, அப்புத்தளை. தங்கினது இரண்டு இரவு, அறைப் பங்கு 3,000. சனிக்கிழமை காலமை 14 பாகை என்று வான் சாரதியின் போன் சொன்னது. எங்களில் மூன்று பேர் போர்வையோடு தொழிற்சாலை வாசலுக்கு வந்தார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டின தொழிற்சாலை அது. தனது தோட்டங்களை அவர் உட்கார்ந்து பார்த்த இடம்தான் மேலே இருக்கிற சீட்.

ஏற்றத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நினைத்ததைவிட நன்றாகப் போனது. ரயர் தந்த நிதானம் அப்படியே காலில் இருந்தது. எட்டைச் சுருக்கி, முழங்கையை மடக்கி, மூச்சு எகிற முன்னமே வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு வளைவு தேயிலைக்குள்ளால் ஏறினேன். முன்கூட்டிப் போட்ட கணக்கு 53 நிமிடம். வந்தது 51 நிமிடம் 40 விநாடி. மேலே வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிற லிப்டனுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். முகில் வந்து மூடிவிட்டதால் படத்தில் லிப்டனும் நாங்களும் மட்டும்தான்.

இறக்கத்துக்கு 38 நிமிடம் என்று எழுதியிருந்தேன். முதல் இரண்டு கிலோமீட்டரும் ஒவ்வொன்றும் 5 நிமிடத்துக்கும் குறைவாக வந்தது. பெரிய எட்டு, குதி முதலில், கையை விரித்து, சின்னப் பிள்ளை மாதிரி. மூன்றாவதில் தொடைக்குள் ஏதோ சூடாகியது. சப்பாத்துக்குள் விரல்கள் முன்னுக்கு இடிக்கத் தொடங்கின. 4.2 என்று கடிகாரம் காட்டிய இடத்தில், உடைந்த தார் வளைவொன்றில் இடது முழங்கால் பேசாமல் மடிந்துகொண்டது. விழவில்லை, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டேன். கை கீறியது. நின்றால் கால் தையல் மெஷின் ஊசி மாதிரி நடுங்கியது.

அந்த நேரம் செடிக்குள்ளால் ஒரு குறுக்குப் படியில் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் இறங்கி வந்தார். தலையில் நிறைந்த சாக்கு, காலில் தேய்ந்த றப்பர் செருப்பு. ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம். அவர் உடம்பு கொஞ்சமும் குதிக்கவில்லை. முழங்கால் எந்நேரமும் கொஞ்சம் மடிந்தே இருந்தது, பாதம் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, முழுதாக நிலத்தில் படிந்த பிறகுதான் அடுத்த கால். சாக்கு ஒரே மட்டத்தில் வந்தது, நீர்மட்டக் குழாய்த் தண்ணீர் மாதிரி. என்னைப் பார்த்து நின்றார்.

"என்னா தம்பி, குதிச்சு குதிச்சு எறங்குனீங்களா?"

"ஓமம்மா."

"அப்படி எறங்குனா முட்டி போயிரும். சின்னச் சின்னதா வைங்க. அவசரப்படாதீங்க. யாழ்ப்பாணமா?"

ஓம் என்றேன். "அங்க மேடு இல்லைல்ல" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். மிச்சம் 2.8 கிலோமீட்டரை அவர் சொன்னபடி, நடையும் அரை ஓட்டமுமாக வந்தேன். இறக்கம் 47 நிமிடம் 15 விநாடி. ஏறினதைவிட நாலரை நிமிடம் மட்டும் குறைவு. இரண்டு பெருவிரல் நகமும் அன்று பின்னேரமே கறுத்துவிட்டன.

எட்டுப் பேரில் ஆறு பேருக்கு இதே கதை, அளவு வித்தியாசம் மட்டும்தான். சேர் கவனமாக இறங்கினார். 58 வயதுக்காரர், அவரை விடுங்கள். ஒரே ஒருவன்தான் 36 நிமிடத்தில் இறங்கி, தொழிற்சாலை வாசலில் எனக்காகப் பிளேன்ரீயும் வாங்கி வைத்திருந்தான். மேசன் தம்பி. அவன் மணற்காட்டுக்கு வந்ததே இரண்டு தரம், ரயரை ஒருநாளும் தொட்டதில்லை, ஏறும்போது என்னைவிட மூன்று நிமிடம் பின்னால். திரும்பி வருகிற வழியில் வானுக்குள் வைத்து அவனைத் துளைத்து எடுத்தேன். அவன் செய்கிறது என்ன? நாள் முழுக்க சாரத்திலும் கட்டி முடியாத மாடிப்படியிலும் ஏறி இறங்குகிறான். ஏறும்போது தோளில் சீமெந்து, இறங்கும்போது வெறும் வாளி. வருடக் கணக்காக ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தரம் கொங்கிறீற்றில் இறங்குகிறான். அவனுடைய தொடை இறக்கத்தைச் சம்பளத்துக்குப் படித்திருக்கிறது.

சாப்பாட்டை விட்டுவிட்டால் முழுச் செலவு 20,410 ரூபா. இதில் வீண் என்று சொல்ல வேண்டியது சப்பாத்துக்கு இரண்டாம் தரம் கொடுத்த 700 மட்டும்தான். ரயர் தன் வேலையைச் செய்தது, மேடும் செய்தது. இரண்டும் பாதி மலைதான் தந்தன என்பது மட்டுமே குறை.

அடுத்த முறைக்கு ரயரைக் கிழமைக்கு ஒரு தரமாகக் குறைக்கிறேன். மணற்காடு இரண்டு ஞாயிறு போதும். சப்பாத்து அரை அளவு பெரிதாக வேண்டும்; கடைசித் துளையிலும் நாடாவைக் கோத்துக் கணுக்காலோடு இறுக்கினால் விரல் முன்னுக்குப் போகாது என்று சேர் காட்டித் தந்தார், அதை வீட்டில் செய்து பார்த்தேன், சரிதான். நகத்தைப் போக முதல் நாள் வெட்டக்கூடாது, மூன்று நாள் முன்னமே வெட்ட வேண்டும். இறங்குகிற பழக்கத்துக்குத்தான் மேசன் தம்பி வேலை செய்கிற கட்டடம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்தில் மூன்று மாடி, சுவர் பூச்சு இன்னும் ஆகவில்லை. முதலாளியிடம் கேட்டு அனுமதி வாங்கித் தந்தான். படி 54, ஒவ்வொன்றும் 17 சென்ரிமீட்டர், அடிக்கோலால் அளந்தேன். மொத்தம் 9.2 மீட்டர், முப்பத்தெட்டு தரம் இறங்கினால் ஒரு லிப்டன் சீட். விறாந்தைப் படியில் நேராக இறங்க முடிந்த பத்தாம் நாளிலிருந்து தொடங்கினேன். ஏறும்போது நடை, இறங்கும்போது அந்த அம்மா இறங்கினமாதிரி முழங்காலை மடித்து, பாதம் முழுதாக. முதல் நாள் எட்டுத் தரம், அடுத்த நாள் விறாந்தையில் திரும்பவும் தூணைப் பிடித்தேன். இரண்டாம் கிழமை பன்னிரண்டு, பிடிக்கவில்லை. நேற்றுப் பதினெட்டு.

காவல்காரர் ஐயா நாலு நாளாக ஒன்றும் கேட்காமல் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்றுப் பதினொராம் தரம் கீழே வரும்போது ரொர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு எழும்பி வந்தார்.

"தம்பி, சொல்லுமன். என்ன சாமானைத் துலைச்சனீர்? நானும் சேர்ந்து தேடுறன்."